செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மன்றத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூடி இசைத்தட்டுகளில் பாட்டுக் கேட்பது என்ற நம் வழக்கப்படி இவ்வாண்டு பதினோரு அமர்வுகள் நடைபெற்றன. நவம்பர் அமர்வு, ஊரில் முகூர்த்தங்கள் மிகுதி என்பதால் வருகை குறைந்து ஒத்திவைக்கப்பட்டு, பிறகு நடைபெறவேயில்லை. உறுப்பினர் எண்ணிக்கை 41. செயற்குழு நான்கு முறை கூடியது.

இவ்வாண்டின் வேலை பெரும்பாலும் சென்ற ஆண்டின் வெள்ளம் வைத்துவிட்டுப் போன வேலைதான். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டம் எங்கும் பெய்த மழையை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவான அந்த மழையை, இங்குள்ள எவருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. நம் இசைத்தட்டு அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டு நாள் சேற்று நீரில் கிடந்தது. வினைல் தட்டுக்குத் தண்ணீரால் பெரிய கேடில்லை. கேடு வந்தது அட்டை உறைகளுக்கும், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத் தாள்களுக்கும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்ட தண்ணீரில் தட்டுகளை ஒவ்வொன்றாக அலசி, பள்ளங்களின் போக்கிலேயே மெல்லிய துணியால் துடைத்து, அடுக்களையில் தட்டு கவிழ்க்கும் கம்பி ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் உலர்த்தினோம். விரைவில் உலரட்டும் என்று வெயிலில் வைக்கப்பட்ட இரண்டு தட்டுகள் அப்பளம் போல் வளைந்துபோயின. வைத்தவர் யார் என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டது. வைத்தவன் நான்தான் என்பதை இவ்வறிக்கையில் பதிவு செய்துவிடுகிறேன்.

உலர்த்தி முடித்தபோது 23 தட்டுகளில் படத்தின் பெயரோ பாடியவர் பெயரோ மிஞ்சவில்லை. தட்டின் உள்வட்டத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு அவற்றை அடையாளம் கண்டுவிடலாம் என்று துணைத் தலைவர் சொன்னார். அது சரியான யோசனைதான். ஆனாலும் முதலில் காதுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம், எண்ணைப் பிறகு பார்ப்போம் என்று செயற்குழு முடிவு செய்து, ஒவ்வோர் அமர்விலும் இரண்டு பெயரற்ற தட்டுகளைச் சுழலவிட்டது. பாட்டு முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, கைப்பேசியில் தேடக் கூடாது என்பவை விதிகள். ஏப்ரல் அமர்வில் முதல் தட்டில் முள்ளை வைத்ததுமே மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர் புன்னகைத்துக்கொண்டார். பெயர் இழந்த அந்தத் தட்டு, சுசீலாவின் குரலில் நம்மைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ என்பதாக இருந்தது. விதி அந்த இடத்திலேயே உடைந்தது. சிரிப்பு அடங்கிய பின் தட்டை முதலிலிருந்து மீண்டும் வைக்க வேண்டியதாயிற்று.

இந்த முறையைத் தொடர்ந்தபோது தோன்றிய ஒன்றை, உறுப்பினர்களின் அனுமதியுடன் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறிக்கையில் சொந்தக் கதை எதற்கு என்று கேட்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். எனக்குப் பிடித்த பாடல்கள் எல்லாமே இப்படிப் பெயரில்லாமல் வந்து சேர்ந்தவைதாம். இந்தக் கடற்கரையில் வளர்ந்த என் வயதினருக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலி. அதன் அறிவிப்பாளர்களான அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் எங்கள் வீட்டு மனிதர்கள். 1980இல், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எஸ். ஜானகி பாடிய ‘காற்றில் எந்தன் கீதம்’ அவ்வழியாகத்தான் என்னிடம் வந்தது. மாலை நேரத்தில் அலைவரிசை ஏறி இறங்கும். குரல் ஒரு கணம் காதருகே வரும், மறுகணம் கடலுக்கு அப்பால் போய்விடும். அந்த ஏற்ற இறக்கத்தையும் பாட்டின் பகுதி என்றே நான் நம்பியிருந்தேன். பின்னாளில் ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துக் கேசட்டில் பதிந்து கேட்டபோது, குரல் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது எனக்குக் குறையாகவே பட்டது.

அப்பாடல் இடம்பெற்ற ‘ஜானி’ படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. காற்றும் மழையும் அடிக்கும் திறந்தவெளி மேடையில், கேட்க ஆளில்லாத அரங்கை நோக்கி ஸ்ரீதேவி பாடிக்கொண்டிருப்பதைக் கண்டபோது, என் வானொலிப் பெட்டியின் கோளாற்றை இயக்குநர் மகேந்திரன் எப்படி அறிந்தார் என்று வியந்தேன். எனக்குள் இருந்த பாட்டும் திரையில் இருந்த பாட்டும் ஒன்றாகப் பொருந்தியது, நான் அறிந்தவரை, அந்த ஒரு முறைதான்.

அதே மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’ (1978) எனக்கு வேறு பாடம் நடத்தியது. ‘செந்தாழம் பூவில்’ என்று ஜேசுதாஸ் தொடங்கும்போதே, நம் தேரிக்காட்டு ஓரத்தில் தாழம்புதர் மணக்கும் மணல் பாதை ஒன்றை நான் மனத்தில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பாதையில் பனையோலைச் சலசலப்புக்கூட உண்டு. படத்தில் வந்ததோ பனி படர்ந்த மலை, வளைவுச் சாலை, சரத்பாபு ஓட்டும் ஜீப். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இருந்தும், என் மணல் பாதையைப் பிடுங்கிக்கொண்டதற்காக அந்தப் படத்தின் மீது பல ஆண்டுகள் கோபமாக இருந்தேன். தயாரிப்பாளர் செலவு செய்ய மறுத்த அப்பாடல் காட்சிக்குக் கமல்ஹாசன் பணம் கொடுத்து உதவினார் என்று மகேந்திரன் சொல்லியிருப்பதைப் படித்த பிறகுதான் கோபம் தணிந்தது. இப்போது இரண்டு பாதைகளும் எனக்கு வேண்டும். ஆகஸ்ட் அமர்வில் இப்பாடலைத் தட்டில் கேட்டு, மறுவாரம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் படத்தைப் பார்த்தோம். ஆறு பேர் தத்தம் மனத்திலிருந்த இடத்தைச் சொன்னார்கள். அவற்றுள் மலை ஒன்றே ஒன்று. சொன்னவர் கேபிள் டி.வி. காலத்தில் பிறந்தவர்.

இளைய உறுப்பினர்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருப்பதை அக்டோபர் அமர்வு காட்டியது. செப்டம்பரில் வெளியான ‘லப்பர் பந்து’ படத்தில், அட்டகத்தி தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு இறங்கும்போதெல்லாம் ஒலிக்கும் ‘நீ பொட்டு வச்ச தங்கக் கொடம்’ பாடலைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் விண்ணப்பித்தார்கள். அது 1989இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்தில் விஜயகாந்துக்காக இளையராஜா இசையமைத்தது என்றும், கோயில் கொடை விழா ஒலிபெருக்கிகளில் கேட்டுக் கேட்டுத் தாம் சலித்ததே உண்டு என்றும் மூத்தவர்கள் சொல்ல, எங்களுக்கு அது மைதானத்தின் புழுதிதான் என்று இளைஞர் ஒருவர் பதில் சொன்னார். முதலில் எனக்கு இது வருத்தமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டபோது, தாளத்துக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை எடுத்துச் சொன்னவர் அதே இளைஞர்தான். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒலிபெருக்கியில் கேட்ட எங்களில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

2025 ஜனவரி 9 அன்று பின்னணிப் பாடகர் பி. ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமானார். 12ஆம் தேதி அமர்வில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தின் ‘ராசாத்தி உன்னை’ பாடலைக் கேட்டோம். நம்மிடம் உள்ள 45 சுழற்சித் தட்டில் ஒரு நீளக் கீறல் உண்டு. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை ‘டிக்’ என்று அது ஒலித்துக்கொண்டே இருந்தது. வேறு தட்டு தேடலாமா என்று கேட்டதற்கு எவரும் தலையசைக்கவில்லை.

மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா தம் சிம்பொனியை அரங்கேற்றியதற்கு வாழ்த்துத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மன்றம் இளையராஜா பக்கமே சாய்கிறது, விஸ்வநாதன்–ராமமூர்த்திக்கு ஆண்டில் இரண்டே அமர்வுகள்தாம் என்று மூன்று உறுப்பினர்கள் எழுத்து மூலம் தெரிவித்த குறை நியாயமானது. சாய்வு செயலாளருடையது, வரும் ஆண்டு நிரலை அந்த மூவரே வகுக்கச் செயற்குழு கேட்டுக்கொண்டுள்ளது.

இணையவழிக் கடை ஒன்றில் எல்.பி. எனும் நெடுநேர இசைத்தட்டுக்கான முள் கேட்டோம்; 78 சுழற்சித் தட்டுக்கான தடித்த முள் வந்து சேர்ந்தது. நல்லவேளையாகப் பொருத்துவதற்கு முன்பே பொருளாளர் கண்டுகொண்டார். திருப்பி அனுப்பி நான்கு மாதங்கள் ஆகியும் பணம் வரவில்லை.

சந்தா வரவு ரூ. 20,500. முள், ஆம்ப்ளிஃபயர் பழுது, புதிய உறைகள், மின்கட்டணம், தேநீர், வடை என மொத்தச் செலவு ரூ. 18,900. முந்தைய இருப்பு ரூ. 3,150 சேர்த்துக் கையிருப்பு ரூ. 4,750. வடைச் செலவு ஆம்ப்ளிஃபயர் செலவைவிட அதிகம் என்பதைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டியுள்ளார்.

பெயரற்ற 23 தட்டுகளில் 16 அடையாளம் காணப்பட்டுவிட்டன. மீதி ஏழில் ஒன்று மிகவும் சோதிக்கிறது: வயலின்களும் கிட்டாருமாக முன்னிசை அழகாக எழும்பிவந்து, பல்லவி தொடங்கும் இடத்தில் முள் தாண்டிக் கடைசிப் பள்ளத்துக்குப் போய்விடுகிறது. அதன் எண்ணைப் பார்த்துத் துணைத் தலைவர் எழுதிய சீட்டு, ஒட்டிய உறையில் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். தேநீருக்குப் பின் அந்த முன்னிசையை மூன்று முறை ஒலிக்கவிடுவோம். அதற்குள் யாரும் சொல்லாவிட்டால் உறையைப் பிரிக்கலாம்.