யாரிடம் ஓதினார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடலோர ஊர்களில் ஒரே தெருவில் நோன்புப் பெருநாளை இரண்டு நாளாகக் கொண்டாடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்கு நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 'ஒரே குர்ஆன், ஒரே நபி, பிறகு எதற்கு இத்தனை கருத்துகள்?' என்று கேட்டவர், அதற்குப் பதில் தேடாமலே கட்டுரையை முடித்துவிட்டார். தேடியிருந்தால் பதில் கிடைத்திருக்கும். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பனைக்குளத்திலும் விஷயம் தெரிந்த ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) குறைவில்லை.

நோன்பும் பெருநாளும் எந்த நாள் என்று முடிவு செய்யும் பிறை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. குரைப் என்பவர் ஷாம் (சிரியா) நாட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ரமலான் பிறை தெரிந்தது. மாதக் கடைசியில் அவர் மதீனா திரும்பினார். மதீனாவிலோ ஒரு நாள் பிந்தித்தான் பிறை பார்த்திருந்தார்கள். 'ஷாமை ஆளும் முஆவியா பார்த்த பிறை நமக்குப் போதாதா?' என்று அவர் கேட்க, 'போதாது, நபியவர்கள் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள்' என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ். இதை வைத்து, தூரமான ஊர்களுக்கு அவரவர் பிறைதான் என்றது ஷாஃபி மத்ஹப் (இமாம் ஷாஃபியின் சட்ட வழி). 'பிறை பார்த்து நோன்பு வையுங்கள்' என்ற நபிமொழி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது, ஆகவே ஓரிடத்தில் பார்த்தால் எல்லோருக்கும் போதும் என்பது வேறு பல இமாம்களின் கருத்து. இன்று கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். தலைமைக் காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பவர் ஒரு வீட்டில், வெளிநாட்டுப் பிறையை ஏற்பவர் அடுத்த வீட்டில். இரண்டு பேருமே நபியின் சொல்லைத்தான் பின்பற்றப் பார்க்கிறார்கள்.

கருத்து வேறுபாடு நபியவர்கள் காலத்திலேயே வந்திருக்கிறது. 'பனூ குரைழா கூட்டத்தாரின் இடத்துக்குப் போய்ச் சேராமல் யாரும் அஸர் (மாலை நேரத் தொழுகை) தொழ வேண்டாம்' என்று சொல்லித் தோழர்களை அனுப்பினார்கள். வழியிலேயே நேரம் வந்துவிட்டது. விரைந்து போகச் சொன்னதுதான் கருத்து என்று சிலர் அங்கேயே தொழுதார்கள். சொன்னது சொன்னபடிதான் என்று மற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். விஷயம் நபியவர்களிடம் வந்தபோது இரு தரப்பில் யாரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி இது. இதை ஒருமுறை ஒழுங்காகப் படித்தவர், தொழுகையில் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுகிறவரையும் ஓதாதவரையும் பார்த்து ஒருவரை வழிகெட்டவர் என்று சொல்ல வாயெடுக்க மாட்டார்.

எங்கள் கடற்கரைக்கே உரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப். உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி. இப்போது சம்பந்தம் இரண்டு பக்கமும் நடக்கிறது. எங்கள் வீட்டில் விருந்து என்றால் கணவாய் வறுவல் இல்லாமல் இருக்காது, ஆனால் உள்நாட்டிலிருந்து வந்த ஹனஃபி சம்பந்தி வீட்டார் அதைத் தொடமாட்டார்கள். 'கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கு ஆகும் (அனுமதிக்கப்பட்டது)' என்று குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தில் சொல்கிறது. கடலின் தண்ணீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஆகுமானது என்று நபிமொழி உண்டு. இவற்றை அப்படியே பொதுவாக எடுத்துக்கொண்டார் இமாம் ஷாஃபி. ஹனஃபி இமாம்கள், செத்தவற்றில் மீனும் வெட்டுக்கிளியும் ஆகும் என்று வேறொரு நபிமொழி குறிப்பிட்டுச் சொல்வதையும், அருவருப்பானவை விலக்கப்பட்டதாகக் குர்ஆன் சொல்வதையும் சேர்த்துப் பார்த்து, கடலில் மீன் மட்டும்தான், மீன் இனமில்லாத கணவாய் ஆகாது என்றார்கள். இறாலை மீனில் சேர்ப்பதா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. ஆதாரம் இல்லாமல் இதில் யாரும் பேசவில்லை. இவ்வளவும் ஒரு தட்டுக் கணவாய்க்குப் பின்னால் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு உஸ்தாத் (ஆசிரியர்) வேண்டும், கேட்பவருக்குக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். இரண்டு நிமிட வீடியோவில் 'ஹலால்', 'ஹராம்' என்ற தீர்ப்புதான் வரும், ஏன் என்பது வராது.

அந்த இமாம்கள் ஒருவரை ஒருவர் எப்படி மதித்தார்கள் என்பதும் இன்று மறந்துபோய்விட்டது. அபூ ஹனீஃபா ஹிஜ்ரி 150-இல் இறந்தார். அதே ஆண்டில் பிறந்தவர் ஷாஃபி. அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மது அஷ்ஷைபானியிடமும் ஷாஃபி படித்தார், மதீனாவில் இமாம் மாலிக்கிடமும் படித்தார். ஷாஃபியிடம் படித்தவர் அஹ்மத் இப்னு ஹன்பல். கருத்து மாறியபோதும் ஆசிரியர் ஆசிரியராகவே இருந்தார்.

கஷ்டமான இடத்துக்கும் வருகிறேன், தாண்டிப் போவது நேர்மை ஆகாது. ஏர்வாடி தர்கா எங்களுக்குப் பக்கத்தில்தான். அங்கே சந்தனக்கூடு விழாவுக்குப் போகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அது இணைவைப்பு (இறைவனுக்கு இணை கற்பிப்பது) என்று சொல்லி வாசல்படி மிதிக்காத என் காக்காவும் (அண்ணனும்) உண்டு. இது தொழுகையில் கையை எங்கே கட்டுவது என்பது போன்ற சின்ன விஷயமில்லை, நம்பிக்கை சம்பந்தப்பட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று மழுப்ப நான் வரவில்லை. ஆனால் இது நேற்று யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சண்டை என்று ஒரு தரப்பும், படிப்பறிவில்லாதவர்கள் கட்டிய பழக்கம் என்று மறு தரப்பும் சொல்வது தவறு. கப்ரை (அடக்கத்தலத்தை) நாடிப் பயணம் போவதை மறுத்து எழுதிய இப்னு தைமிய்யா 1328-இல் டமாஸ்கஸ் சிறையில் இறந்தார். அவருக்கு மறுப்பு எழுதிய தகியுத்தீன் சுப்கியும் அதே காலத்துப் பெரிய ஷாஃபி அறிஞர். எழுநூறு ஆண்டு விவாதம் இது. ஒருவர் வாதத்தை அவர் எழுதியபடி படித்துப் புரிந்துகொள்ளாமல், எதிர்த் தரப்பு வெட்டி ஒட்டிய துண்டை மட்டும் கேட்டுவிட்டுக் காக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகிறதே, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பல கருத்துகள் இருப்பதால் ஊர் கெடவில்லை என்றே நினைக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எதையும் மார்க்கம் என்று எடுத்துக்கொள்வதால்தான் கெடுகிறது. ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: ரமலான் வருவதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராம் என்று. நம்பகமான ஹதீஸ் கிதாபு (நபிமொழி நூல்) எதிலும் அது கிடையாது. படித்த பெண்களே பதறிப்போய் அனுப்புகிறார்கள். 'சீனா சென்றாயினும் கல்வி தேடு' என்பது பட்டிமன்ற மேடைவரை போய்விட்டது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றார் ஹதீஸ் அறிஞர் பைஹகீ, இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலிலேயே சேர்த்தார் இன்னோர் அறிஞரான இப்னுல் ஜவ்ஸீ. நல்ல கருத்துத்தானே என்பார்கள். நல்ல கருத்தாகவே இருக்கட்டும், நபி சொல்லாததை நபி சொன்னார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. என்மீது வேண்டுமென்றே பொய் சொன்னவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்று எச்சரித்தவர் அவர்தான்.

இந்த மார்க்கத்தைப் போல 'யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது' என்று நச்சரித்த சமுதாயம் குறைவு. புகாரியும் முஸ்லிமும் ஒவ்வொரு செய்திக்கும் அறிவித்தவர்களின் பெயரை வரிசையாக எழுதிவைத்தார்கள். 'இந்தக் கல்விதான் மார்க்கம், ஆகவே உங்கள் மார்க்கத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்' என்ற முற்கால அறிஞர் இப்னு ஸீரீனின் சொல் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்காத ஊர் எங்களுடையது. மார்க்கத்தில் மட்டும் யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் கல்விக்குப் பேர்போனது என்பதை இளையவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா கீழக்கரையில்தான் அடங்கியிருக்கிறார். அதே ஊரில் அரூஸிய்யா மத்ரஸாவோடு (மார்க்கக் கல்விக்கூடத்தோடு) வாழ்ந்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). அரபி தெரியாத மக்களுக்காக அவர் மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் (அரபி எழுத்தில் எழுதும் தமிழில்) கிதாபுகளாக எழுதினார். என் உம்மா தலைமுறைப் பெண்கள் பள்ளிக்கூடம் போகாமலே அந்த எழுத்தில் ஓதி, உளுவிலிருந்து (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) ஜகாத் (கட்டாயத் தர்மம்) வரை தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கிதாபு இருந்தது, ஓதிக்கொடுத்த ஒரு ஆள் இருந்தார், சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. இன்று எங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் ஆயிரம் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லை. ஆண்களுக்காவது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹஜ்ரத்தை (பள்ளிவாசல் ஆலிமை) நிறுத்திக் கேட்க முடிகிறது. பெண்கள் எங்கே போவது? பெண்கள் மத்ரஸாக்கள் வந்திருப்பது பெரிய ஆறுதல், ஆனால் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவளுக்கு அங்கே இடம் அரிது. ஜமாஅத் நிர்வாகிகள் வாரம் ஒரு மணி நேரம், ஆலிமா (மார்க்கம் கற்ற பெண்) ஒருவரை உட்கார வைத்து, எங்களைக் கேட்கவிட வேண்டும். பேசிவிட்டுப் போவதற்காக அல்ல, கேட்பதற்காக.

தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம் கேட்பது நல்லது. இமாம் மாலிக்கிடம் தூரத்திலிருந்து வந்து கேட்ட பல கேள்விகளுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே பதில் சொன்னார் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உடனே, உரக்கப் பதில் சொல்பவரிடம் எனக்குப் பயம்தான்.

தங்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. 'முஸ்லிம்களின் நம்பிக்கை இது' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள், எந்த மத்ஹப், எந்த ஜமாஅத் என்று சேர்த்து எழுதுங்கள். மார்க்கக் கேள்விக்குக் கருத்துக் கேட்கும்போது, சொல்பவர் எங்கே ஓதியவர் என்பதையும் போடுங்கள். பெயருக்குப் பின்னால் பாக்கவி, மிஸ்பாஹி, மஹ்ளரி, அரூஸி என்று இருந்தால் அது எந்த மத்ரஸா என்று எங்களுக்குப் புரியும், சந்தேகம் வந்தால் விசாரித்துக்கொள்வோம். பட்டம் இருந்தால் மட்டும் போதும் என்று சொல்லவில்லை, விசாரிக்க ஒரு நுனியாவது கிடைக்கும். நபிமொழி என்று அச்சிடுவதற்கு முன் எந்தக் கிதாபில் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்ல முடியாதவரின் மேற்கோளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்த பெருநாளுக்குக் கட்டுரை போடுவதாக இருந்தால், பிறையில் வெவ்வேறு கருத்துள்ள ஆலிம்களைத் தனித்தனியாகச் சந்தித்து, அவரவர் ஆதாரத்தை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து வெளியிடுங்கள். எங்கள் தெருவில் மாற்றுக் கருத்துக்காரரின் ஆதாரத்தை முழுதாகக் கேட்டவர் மிகச் சிலர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை