பத்ரிநாத் யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயண அட்டவணையில் ஸ்ரீநகர் என்ற பெயர் பெரும்பாலும் இரவுத் தங்கலாகவோ மதியச் சாப்பாட்டு நிறுத்தமாகவோதான் வருகிறது. காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல, உத்தரகாண்டில் அலக்நந்தா கரையில் உள்ள கட்வால் ஸ்ரீநகர். அந்த ஊருக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ரிஷிகேசிலிருந்து பத்ரிநாத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர், எல்லாம் மலைச்சாலை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகராம் தேவப்பிரயாகையில் எல்லோரையும் இறக்கிச் சங்கமத்தைச் சேவிக்க வைக்கிறீர்கள். அதைத் தாண்டி 35 கிலோமீட்டர் போனால் பள்ளத்தாக்கு அகன்று கொடுக்கிறது. முதுகு வலிக்க உட்கார்ந்து வரும் பெரியவர்கள் காலாற நடக்க இவ்வளவு சமதரை அந்த வழியில் அபூர்வம்.

கட்வால் அரசர்களின் தலைநகரம் இது, ஓவியர் மோலாராம் வாழ்ந்த ஊர். ஆனால் நீங்கள் பார்ப்பது பழைய ஊர் இல்லை. 1893-ல் மேலே கோனா என்ற இடத்தில் மலை சரிந்து பிர்ஹி ஆற்றை அடைத்துக்கொண்டது, பெரிய ஏரியே தேங்கியது. அடுத்த ஆகஸ்டில் அது உடையும் என்று பொறியாளர்கள் கணித்துப் பள்ளத்தாக்கு நெடுகத் தந்திக் கம்பி இழுத்தார்கள். அப்படியே உடைந்தது. ஸ்ரீநகரை வெள்ளம் வழித்துக்கொண்டு போனது. முன்கூட்டியே மேட்டுக்குப் போயிருந்த மக்கள் தப்பினார்கள். இந்தக் கதையை அந்த ஆற்றங்கரையில் நின்று சொல்லுங்கள்.

அப்புறம் பல்கலைக்கழகம். மலைமக்கள் போராடிப் பெற்று 1973-ல் தொடங்கியது, 2009-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது. ஆற்றின் இரு கரையிலும் வளாகம். உயர்மலைத் தாவரங்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. உங்களோடு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட வேண்டாமா?

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஊருக்கு மேலே 330 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை இருக்கிறது. தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். சைரன் கேட்டால், குளித்தது போதும் என்று எல்லோரையும் படியேற்றிவிடுங்கள்.

ரிஷிகேஷ் – கர்ணபிரயாகை ரயில்பாதை வேலை நடக்கிறது. 125 கிலோமீட்டரில் பெரும்பகுதி சுரங்கம், அலக்நந்தாவை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுகூடக் குறைந்துவிடும். ஆகவே அடுத்த சீசன் அட்டவணையிலேயே இந்த ஒரு பகலைச் சேர்த்துவிடுங்கள். கூடுதல் தங்கல் செலவை முன்பே சொல்லிவிட்டால் வருகிறவர்கள் மறுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
ஒரு யாத்ரீகர்