காலண்டர் தாளில் கணக்கு எழுதிய அம்மாச்சிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

சனிக்கிழமை காலை, மேல ஊர் ஊற்றிலிருந்து போட்ட புதுக் குழாயில் கீழ ஊருக்குத் தண்ணீர் வந்தது. மூன்று நாளாகிறது, இன்னமும் ராத்திரி எழுந்து போய் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். போன கோடையில் நாம் பட்ட பாடு இங்கே எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மேல ஊர் அம்மாச்சிக்கு. பேரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை.

நவம்பரில் ஊற்றை அளந்தபோது 20 லிட்டர் வாளி 22 நொடியில் நிறைந்தது. நாளுக்கு 78,000 லிட்டருக்கு மேல். இரண்டு ஊருக்கும் சேர்த்து 64 வீடு, 256 பேர்; ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 14,080 லிட்டர் போதும். மிச்சத்தைப் பூண்டுக்கும் கேரட்டுக்கும் விடலாம் என்று பேச ஆரம்பித்து, ஹோஸ் விலை வரைக்கும் விசாரித்தாயிற்று. திட்டம் போட்டுக்கொடுத்த பொறியாளர் தம்பி மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: சித்திரையில் எவ்வளவு வரும்? கார்த்திகை மழையில் அளந்ததை நம்பிக் குழாய் போட்டால் கோடையில் காற்றுதான் வரும் என்றார். யாரிடமும் பதில் இல்லை. இன்னொரு கோடை முழுக்கக் காத்திருந்து அளக்க வேண்டியதுதான் என்று முடிவாகி, எல்லாரும் வாய் பேசாமல் கலைந்தோம்.

மறுநாள் அம்மாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு ஊருக்கும் பேச்சே இல்லாத நேரம் அது, மேல ஊர்க்காரர் ஒருவர் பட்டப்பகலில் எங்கள் தெருவில் நடந்து வருவதே பெரிய விஷயம். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு கம்பியை எடுத்தார். ரேஷன் பில்லைக் குத்தி வைப்போமே, அந்த மாதிரிக் கம்பி, அது முழுக்கக் கிழித்த காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு நேரம். வெள்ளிக்கிழமைதோறும் தன் 12 லிட்டர் குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆனது என்று வீட்டுக்காரர் விட்டுப்போன கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று வருஷமாக. அறிவொளி வகுப்பில் பழகிய எழுத்து, பெரிது பெரிதாக. எதுக்கு அம்மாச்சி இதை எழுதினீங்க என்று கேட்டேன். “தண்ணி கொறையக் கொறைய வெள்ளென கெளம்பணும்ல” என்றார்.

அந்த மூன்று வருஷத்திலும் ஆகக் குறைந்த தண்ணீர் ஒரு சித்திரை மாதத் தாளில் இருந்தது. ஒரு நிமிஷம் 12 நொடி. கணக்குப் போட்டால் மணிக்கு 600 லிட்டர், நாளுக்கு 14,400. நமக்குத் தேவை 14,080. மிஞ்சுவது 320 லிட்டர், அவர் குடத்தில் 26 குடம்! அன்றைக்கே தோட்டப் பேச்சு நின்றது, ராத்திரி வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டி வேண்டும் என்பதும் முடிவானது.

அவர் அதைக் கொண்டுவந்திருக்கத் தேவையே இல்லை. ஊற்று அவர்கள் தலைமாட்டில் இருக்கிறது, எங்கள் குழாய் காய்ந்தால் அவர் குடத்துக்கு ஒன்றும் ஆகாது. அவர் வந்துபோன பிறகுதான் இரண்டு ஊரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம். ஊற்றுத் தண்ணீரை இரண்டு ஊருக்கும் பிரித்துவிடும் பங்குத்தொட்டியில் எட்டுத் துளை, எல்லாம் ஒரே அளவு, ஒரே மட்டம். மேலே 24 வீட்டுக்கு மூன்று, கீழே 40 வீட்டுக்கு ஐந்து. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் பங்கு மாறாது, யாரும் யாரையும் சந்தேகப்பட்டு ராத்திரியில் வால்வுக்குக் காவல் இருக்க வேண்டாம்.

அப்புறம், கூலி வாங்காமல் நான்கு முறை மலையேறி வந்த பொறியாளர் தம்பிக்கு. குடிநீர்க் குழாய்க்காக ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் கேட்க 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில் வழி இருக்கிறது, அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்று எங்களுக்குப் புரியவைத்து மனுவும் எழுதித் தந்த வக்கீல் அக்காவுக்கு. அந்தக் கிராம சபைக்கு வேலையை விட்டுவிட்டு வந்த ஒவ்வொருவருக்கும். குதிரையில் சிமெண்ட் ஏற்றித் தந்த அண்ணன்களுக்கு, தோளில் குழாய் சுமந்த பையன்களுக்கு, குழாய் வேலை நடந்த பன்னிரண்டு நாளும் கடுங்காப்பி போட்டு அனுப்பிய பெண்களுக்கு, யார் பேரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கும், மனதார நன்றி.

மாசி முதல் ஆனி வரை ஒரு சொட்டுகூடத் தோட்டத்துக்குப் போகாது என்று கீழ ஊர் சார்பாக இங்கே எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் அந்த ஊற்றைச் சுற்றிச் சோலையும் புல்லும்தான் இருந்தன. இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் மண்டிக் கிடக்கிறது, ஊற்று இளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் வாட்டில் கன்றுகளைப் பிடுங்க முதல் ஆளாக நான் வருவேன். வெள்ளிக்கிழமை அளவும் நிற்காது, இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முறை வைத்து எழுதப் போகிறார்கள்.

அம்மாச்சி, உங்க தாள்களை ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். வரிசை கலையாமல் அதே கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.