அது விண்ணில் பாயவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் மாணவர்களின் மாதிரி ராக்கெட் பயிற்சி பற்றிப் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 'சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்த, ராக்கெட் சீறிக்கொண்டு விண்ணில் பாய்ந்தது' என்ற வரியைப் படித்ததும் என் மகள் இதழை மடித்து வைத்துவிட்டாள். அது விண்ணில் பாயவில்லை; பாயவும் கூடாது. 240 மீட்டர் உயரம் வரை ஏறி, உள்ளே வைத்த பச்சை முட்டை உடையாமல் தரைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழு தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு அவ்வளவுதான். 250 போனாலும் தவறு, 230-இல் நின்றாலும் தவறு.

அன்று காலை ஆறரை மணியிலிருந்து மைதானத்தில் நின்றவன் நான். காற்றின் போக்கைப் பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறிய ராக்கெட்டை விட்டார்கள். அதன் மோட்டாரில் 'சி6-5' என்று அச்சிட்டிருந்தது. பஸ் எண் போல இருக்கிறதே என்றேன். பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் சிரிக்காமல் விளக்கினான். 'சி' என்பது மொத்த உந்துதலின் வகை. ஓர் எழுத்து ஏறினால் அதன் உச்ச அளவு இரட்டிப்பாகும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். 5 என்பது, மருந்து எரிந்து தீர்ந்த பிறகு பாரசூட் வெளியே தள்ளப்படும்வரை கழியும் விநாடிகள்.

பெரிய ராக்கெட்டுக்கு முதல் முறை பொத்தானை அழுத்தியபோது ஒன்றுமே நடக்கவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். "மாமா, நில்லுங்கள்!" என்று ஒரு சிறுமி அதட்டினாள். பாதுகாப்புச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். 60 விநாடி முடியும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாதாம். போய்ப் பார்த்தால், பற்றவைக்கும் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்புகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன; அதனால் கம்பி சூடேறவில்லை.

இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் பணிபுரிந்த ஹாரி ஸ்டைன், பிள்ளைகள் கண்ட மருந்தையும் கலந்து ராக்கெட் செய்து காயப்படுவதைப் பற்றி 1957-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த செருப்புக்கடைக்காரர் ஆர்வில் கார்லைல், தானும் தம் சகோதரரும் உருவாக்கியிருந்த சிறிய ராக்கெட்டைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதி, மாதிரிகளையும் அனுப்பிவைத்தார். மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கு பரவியது அங்கிருந்துதான். பத்திரிகை வாசகர் ஒருவரின் கடிதம் அது என்பதால் எனக்கும் எழுதத் துணிவு வந்தது.

அடுத்து ஏவியதில் உயரமானி 263 மீட்டர் காட்டியது. நான் கை தட்டினேன். என்னைத் தவிர வேறு யாரும் தட்டவில்லை. பிள்ளைகள் களிமண்ணை நிறுத்து முன்கூம்புக்குள் அப்பினார்கள். ராக்கெட்டைக் கனமாக்கி உயரத்தைக் குறைக்கிறார்கள்! அந்தக் கனத்தையும் வால் பக்கம் ஏற்றக் கூடாது. ஈர்ப்பு மையம், காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ராக்கெட் நேராகப் பறக்காமல் குட்டிக்கரணம் போடும்.

மூன்றாவதில் உயரம் 243. பாரசூட் விரியவில்லை. முந்தின இரவே மடித்து வைத்ததால் பிளாஸ்டிக் தாள் மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பென்று விழுந்ததைத் திறந்தால், பஞ்சுறை முழுவதும் மஞ்சள் கரு. என் மகள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்: 'பாரசூட்டை ஏவுவதற்குச் சற்று முன்புதான் மடிக்க வேண்டும். பவுடர் தூவ வேண்டும்.' நசுங்கிய குழாயை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. பசையை எடுத்துக் கொடுக்கக்கூட என்னை விடவில்லை.

பத்து மணிக்கெல்லாம் நான்காவது தயார். விருந்தினர் வரவில்லை. பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் காற்று கூடிவிட்டது. மணிக்கு 32 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள்தான் இருந்தது, ஆனாலும் கூடிவிட்டது. அவர் பொத்தானை அழுத்தினார், உங்கள் புகைப்படக்காரர் படம் எடுத்தார். ராக்கெட் காற்று வரும் திசைக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏறியது. முட்டை முழுதாக வந்தது. உங்கள் செய்தியில் இது 'மாபெரும் வெற்றி'. நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: '231. ஒன்பது குறைவு. காத்திருந்ததால் காற்று கூடியது.'

நீங்கள் வெளியிட்ட படத்தின் இடது ஓரத்தில் ஒரு தோளும் ஒரு பின்னலும் மட்டும் தெரிகின்றன. கடைசி பாரசூட்டை மடித்தவள் அந்தச் சிறுமிதான். முழுப்படம் உங்களிடம் இருந்தால், வெட்டாமல் ஒரு முறை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நோட்டில் எழுதியவளின் தந்தை