நம் புளோக் பிள்ளைகளுக்காக வந்து நின்ற எல்லாருக்கும்

வணக்கம். சனிக்கிழமை கீழ்த்தளத்தில் நடந்த பாதுகாப்புப் பயிற்சி முடிந்து, நான் நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டீர்கள். நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இதை நடத்த நான் ஏன் அப்படி அலைந்தேன் என்று சிலருக்குத்தான் தெரியும். போன வருடம் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தபோது வீட்டில் இருந்தது தொடக்கநிலை மூன்றில் படித்த என் மகன் மட்டும்தான். எனக்கு நான்கு முறை அழைத்திருக்கிறான், வேலையில் இருந்த நான் கைப்பேசியைப் பார்க்கவில்லை. ஆம்புலன்சை அழைக்கும் 995 என்ற எண் அவனுக்குத் தெரியும், ஆனால் அழைத்து என்ன பேசுவது என்று தெரியாமல் பயந்து நின்றுவிட்டான். எதிர்வீட்டு மலாய் அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார். அம்மா இப்போது நலம். அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து, பல வருடம் ஆம்புலன்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து 995இல் பேசுகிறவர் மாதிரி "எங்கே இருக்கீங்க?" என்று கேட்டாரே, முதல் பிள்ளை "வீட்டில்" என்றது, அடுத்தது "பாட்டி வீட்டில்" என்றது. நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. புளோக் எண், மாடி, வீட்டு எண், அப்புறம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு என்று ஒவ்வொரு பிள்ளையும் தடுமாறாமல் சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார். நீயாக போனை வைத்துவிடாதே, நெஞ்சை எப்படி அழுத்துவது என்றுகூட அவர்கள் சொல்லித்தருவார்கள் என்றார். மின்தூக்கிக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் ஏஇடி பெட்டியை, அதாவது திடீரென நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை, தினமும் கடந்து போகிறோம், அது எதற்கு என்று அன்றைக்குத்தான் பல பெற்றோருக்கே தெரிந்தது.

மேசைகளுக்கு மேல் கறுப்புத் துணி போட்டு, புகை மேலேதான் ஏறும், தரையோடு தவழ்ந்து வா என்று பழக்கிய குடிமைத் தற்காப்பு மாணவர் படைத் தங்கைகள் இரண்டு பேருக்கும் நன்றி. வடைச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடவேண்டும் என்று பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன ஆன்ட்டிக்கும்தான்.

தாத்தா, நீங்கள் பேசும்போது பிள்ளைகள் அசையவில்லை. 1986 மார்ச் 15, நம் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து விழுந்தது, 33 பேர் இறந்தது, 17 பேரை உயிரோடு மீட்டது, எல்லாவற்றையும் பயமுறுத்தாமல் சொன்னீர்கள். அவசரப் பையில் விசில் எதற்கு என்று கேட்டிருந்த என் மகன் அப்புறம் அதைக் கேட்கவே இல்லை.

ஆலோசகர் அக்காவின் அரைமணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள் என்று வளர்க்கிற வீடுகள் நம்முடையவை. தீபாவளிக்கு வரும் மாமாவின் மடியில் உட்காரப் பிடிக்காத பிள்ளையை நாமே தள்ளி உட்கார வைக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்று சொன்னால் அது மரியாதைக் குறைவு ஆகாது, "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்லவேண்டும் என்று அவர் தமிழிலேயே சொன்னார். வீட்டில் பேசுகிற மொழியில் கேட்டதால்தானோ என்னவோ, ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கி, "யாரும் நம்பலைன்னா?" என்று கேட்டாள். "நம்புகிறவர் கிடைக்கும்வரை அடுத்தவரிடம் சொல்லிக்கொண்டே இரு" என்றார். பின்னால் நின்ற அம்மாக்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பந்தல் மேசை தூக்கிய தம்பிகளுக்கும், எழுபது பேருக்கு மீ கோரேங் செய்துவந்த ஆறாவது மாடிக் குடும்பத்துக்கும் நன்றி.

நேற்று எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புளோக், மாடி, வீட்டு எண், அஞ்சல் குறியீடு, எல்லாம் தமிழில், பாட்டிக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில். மகன் எழுதியது.