பி பக்கம்

அன்புள்ள சேகர்,

ஒன்றரை வருஷமாக எழுதாததற்கு நான் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நம் சகா பூனை போன மாதம் ரிட்டயர் ஆனான், அதற்கும் ஊரைக் கூட்டிப் பிரியாணி போட்டான். உன் சர்க்கரை எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது மன்னிப்புக் கடிதம். அதுவும் இரண்டு மன்னிப்பு.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் உன் மெல்ட்ராக் கேசட் கிடைத்தது. நீல மையில் உன் கோழிக்கிறுக்கல், புளூ மர்டர் என்று, அந்த ராக் குழுவின் முதல் ஆல்பம். பழைய டேப்ரெக்கார்டரின் பெல்ட் இற்றுப்போய்ப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெருவெல்லாம் அலைந்து ஒரு பெல்ட் வாங்கி மாட்டினேன். பென்சில் விட்டு நாடாவைச் சுற்றி இறுக்கிப் போட்டால், முதல் பாட்டிலேயே கிட்டார் சுவரில் அறைகிற மாதிரி வந்தது. நின்றுகொண்டே கேட்டேன். வெள்ளையடிக்க வந்தவர் பக்கெட்டோடு என்னைப் பார்த்தபடி நின்றார்.

இது நல்ல ஆல்பம் என்று நீ சொன்னதுதான் சரி. முப்பத்தைந்து வருஷம் லேட், ஆனாலும் எழுத்தில் தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள். கிட்டார் வாசிக்கிறவன் பாடக்கூடாது என்று அன்றைக்கு மெஸ்ஸில் சட்டம் பேசினேனே, அந்தக் கிட்டார்காரர் ஜான் சைக்ஸ் நன்றாகவே பாடியிருக்கிறார். அவருக்கும் பாட ஆசை இருந்த மாதிரி தெரியவில்லை. முதலில் ரே கில்லன் பாடுவதாக இருந்தது, கோஸி பவல் டிரம்ஸ். இரண்டு பேரும் கழன்றுகொண்டதும் சைக்ஸே மைக் முன்னால் நின்றார். டிரம்ஸுக்குக் கார்மைன் அப்பிஸ் வந்தார். பாஸ் கிட்டாருக்கு டோனி ஃபிராங்க்ளின், லெட் செப்பலின் ஜிம்மி பேஜோடு த ஃபர்ம் குழுவில் வாசித்தவர். அவருடைய பாஸில் வீணையில் இருக்கிற மாதிரி மெட்டுகள் கிடையாது. அன்றைக்கு அது எனக்கு ஏதோ ஸ்ருதி விலகின மாதிரிப் பட்டது. இப்போது கேட்டால் கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழைந்து போகிறார். இரைச்சலுக்கு அடியில் இப்படி ஒருத்தர் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது என் காதில் விழவே இல்லை பார்.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான்தான் எழுதினேனா என்று சந்தேகப்படுவாய். இரண்டாவது பாட்டை மகளை வைத்துக்கொண்டு கேட்க முடியாது, தாண்டிவிட்டேன். டிரம்ஸைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து அடித்த மாதிரி எதிரொலி, அந்தக் காலத்து வியாதி. ஆனால் எகிப்து ராஜாக்கள் பாட்டு, 'வேலி ஆஃப் த கிங்ஸ்', ஏறக்குறைய எட்டு நிமிஷம் ஓடுகிறது, ஒரு இடத்தில்கூட எழுந்து போகத் தோன்றவில்லை. 'ஜெல்லி ரோல்' அதற்கும் மேல். திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே தொடங்குகிறது. பாதிக்கு மேல் முகம் மாறி அழுகிற பாட்டாகிவிடுகிறது. எந்த இடத்தில் மாறியது என்று நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை. நீ கண்டுபிடித்தாயா?

சைக்ஸ் கதையை நீ அன்றைக்கே சொன்னாய், நான்தான் அவர் முடியைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே படித்துவிட்டு உனக்கே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தின் லிஸ்ஸி என்ற ஐரிஷ் ராக் குழுவின் கடைசி ஆல்பத்துக்கு, 1983-ல், இவர் வந்து உயிர் கொடுத்தார். அப்புறம் ஒயிட்ஸ்னேக் குழு. 1987-ல் வந்த அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை அதன் பாடகர் டேவிட் கவர்டேலோடு சேர்ந்து எழுதியவர் இவர்தான், கிட்டாரும் இவருடையதுதான். நடுவில் கவர்டேலுக்குச் சைனஸ் ஆபரேஷன், குரல் திரும்புமா என்றே தெரியாத நிலை. கடைசியில் ஆல்பம் வெளிவருவதற்குள் சைக்ஸை வெளியே அனுப்பியாகிவிட்டது. வீடியோக்களில் நாம் பார்த்துச் சொக்கிய ஆட்கள் வேறு ஆட்கள், இவர் வாசித்ததற்கு வாயும் கையும் அசைத்தவர்கள். அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் பிரதி விற்றது. நீ உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிப் பாடினாயே ஒரு காதல் பாட்டு, சாகும்வரை உன் மாமனார் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரே, அதிலும் பாதி இவருடையது.

அந்தக் கோபத்தோடுதான் 1989-ல் புளூ மர்டர். வான்கூவரில் லிட்டில் மவுண்டன் ஸ்டுடியோவில் பாப் ராக் என்பவர் தயாரித்தார். அதே வருஷம், அதே ஸ்டுடியோவில் அவரே தயாரித்த மோட்லி குரூ குழுவின் 'டாக்டர் ஃபீல்குட்' அமெரிக்கப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து மெட்டாலிகா குழுவின் கறுப்பு ஆல்பமும் அவர் கையால்தான் வந்தது. புளூ மர்டர் 69-வது இடத்தோடு நின்றுவிட்டது. இரண்டாவது ஆல்பம் வந்த 1993-ல் இந்த மாதிரிச் சங்கீதத்தைக் கேட்க ஆளே இல்லை. புதுப் பாணியில் வந்து இதை ஓரங்கட்டிய நிர்வாணா குழுவை வெளியிட்டதும், புளூ மர்டரை வெளியிட்ட அதே கெஃபன் கம்பெனியின் குடும்பம்தான் என்பது இன்னொரு வயிற்றெரிச்சல்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்றாம் வருஷம் நீ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்ட டிசைனை வேறொருத்தர் தன் பெயரில் மேடையேறி வாசித்தார். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். அந்த வாரம்தான் மெட்ராஸ் போய் இந்தக் கேசட்டைப் பதிவு செய்துகொண்டு வந்தாய். ராத்திரி பதினோரு மணிக்கும் அதையே போட்டாய், நான் அணைக்கச் சொல்லிக் கத்தினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை வெறும் ராக் பைத்தியம் என்று நினைத்தேனடா. ஒரே அறையில்தான் இருந்தேன், கேட்டிருக்கலாம்.

இப்போது இரண்டாவது மன்னிப்பு. கேசட்டைப் பூனை தொலைக்கவில்லை. லீவுக்கு நான்தான் ஊருக்கு எடுத்துப்போனேன். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் வந்தபோது கையில் வேறு காலி கேசட் இல்லை. டேப்ரெக்கார்டரை டிவி முன்னால் வைத்து உன் பி பக்கத்தின் மேலேயே பதிவு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லப் பயந்து பூனை தலையில் போட்டேன். நீ அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. பிரியாணி சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன், "தெரியும்டா" என்றான். ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், "எலும்பு வேணுமா?" என்கிறான்.

ஆக அந்த ஆல்பத்தின் பின்பாதியைப் போன வாரம்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டேன், ஃபோனில். சைக்ஸ் இறந்த செய்தி 2025 ஜனவரியில் வந்தபோதுகூட நான் போட்டுக் கேட்டது ஒயிட்ஸ்னேக்கைத்தான். 65 வயது, புற்றுநோய். வருஷக்கணக்கில் ஒரு தனி ஆல்பத்தைத் தயார் செய்துகொண்டே இருந்தார், 2021-ல் இரண்டு பாட்டை மட்டும் வெளியே விட்டார். மீதி எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ.

கேசட்டைத் திருப்பிக் கேட்காதே, தர மாட்டேன். பி பக்கத்தில் இரண்டாவது சினிமாப் பாட்டின் நடுவில் அப்பா குரல் வருகிறது: "டேய், மோட்டாரை ஆஃப் பண்ணு, தண்ணி வழியுது." அப்புறம் நான் ஓடுகிற சத்தம். அப்பா குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "மோட்டாரை ஆஃப் பண்ணினியா இல்லையா?" என்றுதான் கேட்டாள்.

உனக்கு அந்த ஆல்பத்தின் சிடி எங்காவது கிடைத்தால் வாங்கி அனுப்புகிறேன். அதுவரை ஃபோனில் 'டாலமி' பாட்டை மட்டுமாவது ஹெட்ஃபோன் மாட்டிக் கேள், அதில் பாஸ் செய்கிற வேலையைப் பற்றி உன்னிடம் சண்டை போட வேண்டியிருக்கிறது. பூனைக்கு ஒரு ஃபோன் பண்ணு, நம்பர் பழையதுதான்.

அன்புடன்,
ரகு