கிடங்கு வாரியான இருப்பு அறிக்கை குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் எங்கள் கடையில் உங்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

கடைசி அப்டேட்டுக்குப் பிறகு இருப்பு அறிக்கையைத் திறந்தால் 137ஆம் எண் பிழை வந்தது. வேரியபிளை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) அறிவிக்கவில்லையாம்! எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் எழுதிய புரொசீஜரின் (கட்டளைத் தொகுப்பின்) தொடக்கத்திலேயே அறிவித்திருக்கிறது. ஆனால் வெளியே அறிவித்த வேரியபிள், எக்ஸெக் (EXEC) கட்டளை ஓட்டும் ஸ்டிரிங்குக்குள், அதாவது எழுத்துச் சரமாகக் கட்டிய கட்டளைக்குள், தெரியாது. இது உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா?

புகார் செய்ததும் மதிப்பை மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஸ்டிரிங்கோடு ஒட்டிக் கொடுத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. டி'குரூஸ் என்ற இடுக்கித் தோட்டக்காரரின் கணக்கைத் திறந்தால், பெயரில் உள்ள ஒற்றை மேற்கோளில் ஸ்டிரிங் அறுந்து பிழை காட்டுகிறது. தமிழ்ப் பெயரைத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. மேற்கோளுக்கு முன் 'N' என்ற ஆங்கில எழுத்தைப் போடாததால் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடுகிறது.

இதையெல்லாம் நேரில் காட்டலாமென்று, புட்டடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தையும் விட்டுவிட்டு, பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கோடு உங்கள் மதுரைக் கிளைக்கு வந்தேன். அங்கிருந்த இளைஞர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கணக்கு எழுதுகிறவருக்கு எஸ்கியூஎல் எதற்கு? சர்வரை அணைத்துப் போடுங்கள்" என்றார். கோயம்புத்தூரில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். ஹார்டு டிஸ்க்கை அவர் கையில் வாங்கக்கூட இல்லை. அந்த அலட்சியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கிடங்கைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இன்னும் மோசம். ஒரு 'நல்' (NULL, மதிப்பே இல்லாத நிலை) சேர்ந்ததும் ஸ்டிரிங் முழுவதும் 'நல்' ஆகிவிடுகிறது. பிழையும் வராது, அறிக்கையும் வராது, வெற்றுத் திரைதான். குமுளிக் கிடங்கில் சரக்கு இருப்பதாக நம்பி டெல்லி வியாபாரிக்கு வாக்குக் கொடுத்தோம். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இந்த சீசனே பாழ், எங்கள் பெயரும் போயிற்று.

தயவுசெய்து எஸ்பி_எக்ஸெக்யூட்எஸ்கியூஎல் (sp_executesql) கொண்டு மதிப்புகளை ஸ்டிரிங்கோடு ஒட்டாமல், தனியாகப் பாராமீட்டராக அனுப்புங்கள். ஸ்டிரிங், தமிழ் எழுத்தையும் தாங்கும் என்வார்கேர் (NVARCHAR) வகையில் இருக்கட்டும். ஆண்டுவாரியான டேபிள் பெயரைப் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. அதை அனுமதித்த பட்டியலில் சரிபார்த்து, பெயரை அடைப்புக்குள் பத்திரமாக வைக்கும் கோட்நேமில் (QUOTENAME) போடுங்கள். இல்லாவிட்டால் தேடல் பெட்டியில் யார் வேண்டுமானாலும் கட்டளை எழுதி எங்கள் கணக்கையே அழித்துவிடலாம்.

இந்த வாரத்துக்குள் விவரம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், மிக்க நன்றியுடையவனாக இருப்பேன். அனுப்பாவிட்டால் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். வக்கீல் நோட்டீஸும் வரும். அந்த இளைஞரிடமிருந்து எழுத்து மூலமான மன்னிப்பும் வேண்டும்.

இப்படிக்கு,
கடைக் கணக்கர், போடிநாயக்கனூர்